மார்க்கர் கோடு

கண்ணாடியின் வலது ஓரத்தில்
பச்சை மார்க்கரில் ஒரு கோடு.
அதற்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது.
இறங்கும்.
சித்திரையில் நாளைக்கு ஒன்றரை லிட்டர்,
மேலே சின்ன விசிறி ஓடினால் இரண்டு.

போவது தண்ணீர் மட்டும்.
உப்புக்கு எங்கும் போகத் தெரியாது.
குறைந்ததை நிரப்ப
உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்
என்று எனக்குப் புரிவதற்குள்
இரண்டு டாம்செல் மீன்கள் செலவாயின.

திருத்துறைப்பூண்டி, ரயிலடிக்குப் பின்தெரு,
மாடி போர்ஷன், மூன்றடித் தொட்டி.
மீன் வாங்குமுன் ஆறு வாரம்
தண்ணீருக்கும் கல்லுக்கும்
மோட்டார் ஓட்டிக் காத்திருந்தேன்.
"காலித் தொட்டிக்கு எதுக்கும்மா கரண்ட்?"
என்றார் வீட்டுக்கார லூர்துசாமி.
காலியில்லை சார்,
கண்ணுக்குத் தெரியாததுகள் குடிவருகின்றன
அமோனியாவைத் தின்று தீர்க்க.
அவற்றுக்கும் சேர்த்து வாடகை கேட்காதீர்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பகலில் மண் பரிசோதனைக் கூடம்.
பாலித்தீன் பைகளில் ஊர்கள் வரும்:
தலைஞாயிறு, தகட்டூர், வாய்மேடு.
உலர்த்தி, இடித்து, சலித்து,
வாலைநீரில் கலக்கி
மீட்டரின் முனையை முக்குவேன்.
வருகிற எண்ணை அட்டையில் எழுதுவேன்.
உவர். ஜிப்சம் இடவும்.
நல்ல தண்ணீர் தேக்கி வடிக்கவும்.
எங்கிருந்து என்பதற்கு
அட்டையில் கட்டம் இல்லை.

வாய்மேட்டு வைரக்கண்ணு
ஒரு சனிக்கிழமை வீடு தேடி வந்தார்,
அட்டை வாங்க.
வாங்கியதைத் தொட்டி மூடிமேல் வைத்துவிட்டு
கண்ணாடி முன் குந்திவிட்டார்.
கோமாளி மீன் இரண்டும்
அனிமோனுக்குள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து
வெளியே வந்து அவரைப் பார்த்தன.

"உப்புத் தண்ணியா?"
"ஆமா."
"எவ்ளவு இருக்கும்?"
"நம்ம மீட்டர்ல வச்சா அம்பத்து மூணு."
அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
நாலு புள்ளி ஆறு.
"நாலுக்கே நாத்து கருகிப் போச்சே."

பதில் என்னிடம் இருந்தது.
அதது பிறந்த தண்ணீர், அதது கேட்கிற அளவு,
அந்த அளவு அசையாமல் இருப்பதுதான் எல்லாம்.
சொல்லவில்லை.
அவர் வயலில்தானே அசைந்தது.

"இதுல ஏறிப் போனா?"
கேனைக் காட்டினேன். கோட்டைக் காட்டினேன்.
விரல்கடை கீழே இருந்தது தண்ணீர்.
நூலாக ஊற்றினேன்
(ஒரே மடக்காக ஊற்றினால் மீனுக்கு ஆகாது)
கோடு நனையும் வரை.

"இதுங்களுக்கு மேட்டூரு நீங்கதான்" என்றார்.
கேலியோ என்று முகத்தைப் பார்த்தேன்.
அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, நாலே கால் பஸ் என்று எழுந்துபோனார்.

வைகாசியில் தங்கச்சி கல்யாணத்துக்குக்
கரூர் போய் மூன்றாம் நாள் திரும்பினேன்.
அகண்ட காவிரியில் பாலம் முழுக்க மணல் பார்த்தேன்.
வீட்டில்
கோட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணீர்.
மீன்கள் மூலையில்,
செதில் வேகமாக அடித்துக்கொண்டு.

அரைமணிக்கு ஒரு டம்ளர்.
அலாரம் வைத்து, எழுந்து, ஊற்றி, படுத்து.
முறைப்பாசனம் என்று இதற்கு
எங்கள் கோப்புகளில் பெயர்.
வாய்க்கால் கரையில் டார்ச்சோடு
தன் முறைக்கு விழித்திருக்கும் ஆட்களை
வண்டியில் கடந்திருக்கிறேன்,
ஹாரன் அடித்து.

விடியப்போகும்போது பெரியது
அனிமோனுக்குத் திரும்பியது.
சின்னது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

மூடியைத் துடைக்கத் தூக்கினால்
வைரக்கண்ணு எடுக்க மறந்த அட்டை.
உப்புக்கு எங்கும் போகத் தெரியாது
என்று சொன்னேனே, தவறு.
கண்ணாடி விளிம்பேறி, மூடி தாண்டி,
அவர் பெயர்மேல் வெள்ளையாகப்
பூத்திருந்தது.