தூரம்

புதுவயல் அரிசி ஆலைக் களத்தில்
பன்னிரண்டே காலுக்கு நெல் புரட்டுவது நிற்கும்.
எனக்கு முக்கால் மணி நேரம்.
ஆளுக்கொரு தாள், இருபது கேள்வி.
சரியென்றால் ஒன்று, தவறென்றால் சுழி,
தெரியாதென்றால் தொண்ணூற்றொன்பது.

'புற்று என்றதும் உங்கள் மனதில் தோன்றுவது?'
வெள்ளையம்மா யோசிக்கவே இல்லை.
'பாய்லருக்குப் பின்னால இருக்கே.
மொதலாளி இடிக்கச் சொல்லியும்
ஒருத்தனும் கடப்பாரையத் தொடல.'
அதற்குக் கட்டம் இல்லை.
தொண்ணூற்றொன்பது போட்டேன்.

மேஸ்திரி சொக்கையா பதினெட்டு சரி.
என் மடியிலிருந்த விடைத்தாளைத்
தலைகீழாக வாசிக்கத் தெரிந்தவர்.

பொன்னழகு கடைசி. புருவமெல்லாம் தவிடு.
சோற்றுக்கை காயுமுன் முடித்துவிட நினைத்து
அவசரமாகக் கேட்டேன்: 'தூரம்?'
பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, கிலோமீட்டரில்.
அவள் இருபுறமும் பார்த்துக்
குரலைத் தணித்தாள்.
'நின்னு ஆறு வருசமாச்சு.'
சிரித்துவிட்டேன். எதற்கென்று தெரியாமல்
அவளும் சிரித்தாள்.

பதினேழாவது, கேள்வியே அல்ல.
துண்டறிக்கையில் ஒரு பத்தியை நான் வாசிக்க
அவர்கள் தம் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும்.
'மாதவிடாய் முற்றுப்பெற்ற மகளிருக்கு
மீண்டும் உதிரப்போக்கு தென்படுமாயின்
அதனை எச்சரிக்கை அறிகுறியாகக் கருதி…'
எனக்கே மூச்சு வாங்கியது.

அவள் விரலை வழித்து நக்கிவிட்டுச் சொன்னாள்:
'நின்னது திரும்பி வந்தா
சொட்டா இருந்தாலும் போய்க் காட்டணும்.
வெக்கம் பாக்கக் கூடாது.
இதுக்கா இத்தனை?'

முழு மதிப்பெண்.
அந்தக் களத்தில் வேறு யாரும் வாங்காதது.

தாளைத் திருப்பும்போது,
'காட்டாம விட்டா எத்தன மாசம் தாங்கும்?'
அவள் என்னைக் கேட்பதற்கு
அதில் எண் போடவில்லை.
'யாருக்கு?' என்றேன்.
சங்கு ஊதியது.
'போன ஆடியிலேர்ந்து' என்றாள்,
யாருக்கென்று சொல்லாமல்,
தலைத்துண்டை இறுக்கிக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை, காரைக்குடி, அறை எண் பதினான்கு,
ஏழு இருபதுக்கு டவுன் பஸ்,
என் செல் நம்பர்.
அன்றைய கூலிக்கு என்ன செய்வாள் என்பது தவிர
எல்லாவற்றையும்
அவள் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி
அவளிடமே கொடுத்துவிட்டேன்.

பதிவேட்டில் அறுபத்திரண்டு பேர்,
தாள் அறுபத்தொன்றுதானே என்கிறார்கள் அலுவலகத்தில்.
சராசரி ஏழு புள்ளி நாலு.
அது இருந்தால் கொஞ்சம் ஏறும்.

களத்தில் காற்று அதிகம் என்றேன்.