தவளை மலை

இரவு வேலை முடிந்து
பிறையிலிருந்து நேராக வந்துவிட்டோம்,
நானும் லோகேஸும்.

தாசெக் குளுகோர் செம்பனைகள் தாண்டியதும்
சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பாலை.
மழை அறுத்த வெள்ளைச் சுவர்கள்,
இடுக்கில் பச்சைத் தண்ணீர்.
ஈயம் எடுத்தவர்கள்
மூடாமல் போன குழியாம்.

கல்யாண ஜோடி ஒன்று
உடையைத் தூக்கிப் பிடித்து ஏறுகிறது.
"இன்னும் ஓரமா" என்கிறார் படக்காரர்.

உச்சியில் மண் சரிய
என் மணிக்கட்டைப் பற்றினாள்.
ஐந்து வருடம்
பக்கத்து நாற்காலியில் சில்லு பார்த்தவள்.
கையுறை இல்லாமல்
அவள் கையை இன்றுதான் தொடுகிறேன்.
சொரசொரப்பு.

"எழுதிக் கொடுத்துட்டேன், இந்த மாசத்தோட சரி"
என்றாள்,
கீழே குளத்துக்குச் சொல்வதுபோல.

பதிலுக்கு நான்
வெயில் ஏறுது, இறங்குவோம் என்றேன்.

காலணிக்குள் வெள்ளை மண்.
தூசு நுழையக்கூடாத அறைக்கு
இன்றிரவும் போகவேண்டும்.
உதறாமல்
மோட்டாரைக் கிளப்பினேன்.