உப்புக்கோடு

திருப்பூர், சாயப்பட்டறை லேப், இரவு ஷிப்ட்.
கண்ணாடிக் குப்பியில் நேவி புளூ.
கருவிக்குள் வைத்து மூடுகிறேன்.
எந்த ஒளி உள்ளே போனது,
எது மறுபக்கம் வரவில்லை.
நிறம் என்பது அவ்வளவுதான்,
வராமல் போனதின் கணக்கு.

பையர் கேட்ட நீலத்துக்கு அரைப் புள்ளி குறைகிறது.
லிட்டருக்கு எண்பது கிராம் உப்பு, இன்னும் கொஞ்சம் சாயம்.
மெஷின் சுற்றி முடிக்க ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் என்னுடையது.
லேப்டாப்பைத் திறந்தால்
பட்டியலில் எண் மட்டும் உள்ள ஒரு விண்முகில்,
வெளுக்காத பனியன் துணியில்
எண்ணெய் பட்ட மாதிரி.
எவ்வளவு தொலைவு என்று
பார்த்துச் சொல்ல முடியாது.
கிட்டத்தில் கிடக்கும் சின்னதும்
எட்டத்தில் கிடக்கும் பெரியதும்
வானத்தில் ஒரே அகலம்.

அதே திசையில் ஒன்பது விண்மீன்கள்,
தூரம் தெரிந்தவை.
அவற்றின் ஒளியை யாரோ பிரித்துப்
பொதுவில் போட்டிருக்கிறார்கள்.
நான் மஞ்சளை மட்டும் பார்க்கிறேன்,
சோடியம் கடிக்கும் இடம்.
வேறென்ன, உப்புதான்.
இங்கே லாரி லாரியாய் இறங்குவது.

எழுநூறு ஒளியாண்டு: கோடு வழுவழுவென்று போகிறது.
எண்ணூற்றுப் பத்து: ஒன்றுமில்லை.
தொள்ளாயிரத்து அறுபது:
ஊசி குத்தினாற்போல் இரண்டு பள்ளம், பக்கத்தில் பக்கத்தில்.
அதற்கப்புறம் எல்லா மீனிலும்.

எங்கள் பக்கம் ஓடைக்கும் பள்ளம் என்றுதான் பேர்.

போன மாசியில் சென்னியப்பன் என்றொருவர்
கேனில் கிணற்றுத் தண்ணீரோடு கேட்டுக்கு வந்தார்.
"மாடு மோந்து பாத்துட்டு வாயே வைக்கலீங்க."
வாட்ச்மேன் அனுப்பிவிட்டார்.
ஞாயிற்றுக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு
காரைக்காட்டுப் பள்ளத்தில் தனியாக இறங்கினேன்.
முதல் தரைப்பாலம், நல்ல தண்ணீர்.
இரண்டாவதிலும்.
மூன்றாவதில் எண் தாவியது.
நடுவில் இருந்தது ஒரே ஒரு காம்பவுண்டு சுவர்.
உள்பக்கம் அதற்கு வெள்ளையடித்தது
எனக்கு நன்றாகத் தெரியும்.

"மீட்டர் பழசும்மா" என்றார் மேனேஜர்.

விண்முகிலில் இன்னொன்றும் கண்டேன்.
தூரத்து மீன்களில் அந்தப் பள்ளங்களுக்கு
நீலப்பக்கம் ஒரு ஜோடி, சிவப்புப்பக்கம் ஒரு ஜோடி.
முன்சுவர் நம்மை நோக்கி வருகிறது,
பின்சுவர் விலகிப் போகிறது.
உப்பிக்கொண்டிருக்கிறது அது.
வேகத்தைப் பின்னோக்கி ஓட்டினால்
முப்பதாயிரம் வருடம்,
ஒரு புள்ளி,
வெடித்த ஒரு மீன்.
கேட்கப் போனால் அங்கே இப்போது யாருமில்லை.

மெஷின் கத்துகிறது. ஷேடு பாஸ்.
வால்வைத் திறக்கும் பையனை
ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லி
வடியும் நீரில் ஒரு குப்பி பிடிக்கிறேன்.
லேபிளில் தேதி. நேரம், இரண்டு நாற்பது.
எடுத்தவர், என் முழுப்பெயர், இனிஷியலோடு.
மூலத்திலிருந்து தூரம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பூஜ்யம் என்று எழுதினேன்.