417ஆம் கிலோமீட்டர்

காகித உறையில் வந்தது நட்டு.
அனுப்புநர்: தொக்தார்பெக், பெட்டிப் பரிசோதகர்,
கராகண்டாவுக்கு வடக்கே ஏதோ ஒரு சைடிங்.
கடிதம் இல்லை.
உறையின் மேல் பென்சிலில்:
"417ஆம் கிலோமீட்டர். உங்களுடையது."

என்னுடையதுதான்.
முகத்தில் ஆறு வெட்டு,
என் கையெழுத்திட்ட வரைபடம், மூன்றாம் திருத்தம்.
உள்ளே மரை புதுசாய் மின்னியது,
ஒரு பல்கூடத் தேயவில்லை.
உடைந்திருந்தால் உருக்காலையைத் திட்டியிருப்பேன்.
இது பொறுமையாக,
சுற்றுச் சுற்றாக
இறங்கிப் போயிருக்கிறது.

எழுபது பெட்டி நிலக்கரி.
எஞ்சின் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால்
இடைவெளிகள் ஒவ்வொன்றாய் விறைத்து
வால்வரை ஓடும் இடி.
அதை நட்டு தாங்குவதில்லை.
கொக்கிக்கும் பெட்டிக்கும் நடுவே
கீழிருந்து ஏற்றிய ஆப்பு தாங்குகிறது.
ஆப்பு விழாமல்
அடியில் இரண்டு போல்ட்.
போல்ட் விழாமல் நட்டு.
அதன் வேலை சும்மா இருப்பது.
பதினைந்து வருடம் சும்மா இருப்பது
எவ்வளவு கடினம் என்று
இரும்பைக் கேட்டால் சொல்லும்.

அன்று ரயில் இரண்டாய்ப் பிரிந்து
காற்றுக் குழாய் பிய்ந்து, பிரேக் தானே பிடித்தது.
மூன்று பெட்டி கவிழ்ந்தது. ஆள் சேதமில்லை.
சைடிங்கில் இருந்தவர்கள்
சறுக்குவண்டியில் கரி அள்ளிப்போனார்கள்.
அந்த வாரம் அங்கே எல்லாப் புகைபோக்கியும் புகைந்ததாம்.

வில்மா ஷ்தெங்கெல் அதிர்வு மேசையை முடுக்கினாள்.
மூன்று இரவு, நான்கு பகல்.
நட்டு அசையவில்லை.
குறுக்கே செருகிய பூட்டுக்கம்பி
இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு
வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது.
"உனக்குத்தான் மரை கழண்டிருக்கிறது," என்றாள்.

விசாரணைக் குழுவுக்கும் ஓர் ஆப்பு தேவைப்பட்டது,
யாருக்காவது வைக்க.
வடிவமைப்பில் குறை இல்லை,
கம்பியைப் பூட்டாதவர்மேல் நடவடிக்கை என்று
எழுதிக் கொடுத்தால் முடிந்தது.
பேனா மூடியைத் திறந்தேன்.
மூடினேன்.

பிப்ரவரியில் போனேன். மைனஸ் முப்பத்தெட்டு.
தொக்தார்பெக்குக்கு என் வயதுதான் இருக்கும்,
இமையெல்லாம் உறைபனி.
ஒரு கம்பியும் குறடும் நீட்டினார்.
பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
கையுறையோடு கம்பியைப் பிடிக்க முடியவில்லை.
கையுறையைக் கழற்றினேன்.
கம்பி என்னைப் பிடித்துக்கொண்டது.

"எழுபது பெட்டி," என்றார்.
"பெட்டிக்கு இரண்டு முனை, முனைக்கு இரண்டு நட்டு.
நாற்பது நிமிடம் தருகிறார்கள்."
ஒன்றுக்கு ஒன்பது நொடிகூட இல்லை.
பார்ப்பதற்கு மட்டும்.
விளக்கடியில் காட்டினார்:
சிலதில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது.
ஒன்றில் ஷூ லேஸ்.
"அது நான்," என்றார்.

நான்காம் திருத்தத்தில் கம்பி இல்லை.
நட்டுக்கு அடியில் ஒரு தகடு, அதில் ஒரு நாக்கு.
சுத்தியலால் ஒரே அடி.
மடங்கி நட்டின் முகத்தில் படியவேண்டும்.
நாக்கின் உட்புறம் மஞ்சள் பூச்சு:
மடங்கினால் மறையும்,
மறந்தால் விளக்கொளியில் கத்தும்.
குளிர்ப்பெட்டியில் முதல் நாக்கு
பிஸ்கட் மாதிரி முறிந்தது.
எஃகை மாற்றினோம். விலை ஏறியது.

கொள்முதல் துறை ஏழு வாரம் கடிதம் எழுதியது:
ஒரு தகட்டுக்கு இவ்வளவா?
அந்த நட்டை அதே உறையில் போட்டு
மேலே முகவரியை மட்டும் மாற்றி அனுப்பினேன்.

நூறு பெட்டிக்கு ஒப்புதல் வந்தது.
நூறு.
ஓடுவது இருபதாயிரம்.

இரவில் என் குடியிருப்புக்குப் பின்னால்
கரிவண்டி கிளம்பும்.
முதல் பெட்டியில் தொடங்கும் இடி
கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரும்வரை
கட்டிலில் உட்கார்ந்து எண்ணுகிறேன்.
எது மூன்றாம் திருத்தம், எது நான்காவது,
சத்தத்தில் தெரிவதில்லை.
விரல் நுனியில் தோல் உரிந்த இடம்
இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது.
அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது.