ஊதா ஜன்னல்

பிப்ரவரி. ஔலு நகரில்
பகல் என்பது பேருக்குத்தான்.
தௌனோவின் சமையலறை மட்டும்
ஊதாவாய் விழித்திருக்கிறது.

இரவெல்லாம் பனி வாரும் வண்டி ஓட்டியவன்
பூட்ஸைக் கழற்றுமுன்
தட்டின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறான்.
பன்னிரண்டு நாள். ஒன்றுமில்லை.
ஃப்ரிட்ஜின் தலைமேல்
அறுபது மிளகாய் விதை,
அறுபது பிடிவாதம்.

மறுநாள் கொக்கிபோல் குனிந்து
எழுந்தது ஒன்று,
விதைத்தோலைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு.
எச்சில் தொட்டு நனைத்தான்.
ஸ்டீயரிங் பிடித்த விரலுக்கு
அவ்வளவு பொறுமை ஏது?
இலை கிழிந்தது.

மற்றவை தாமே கழற்றிக்கொண்டன.

விளக்கை ஒரு கண்ணி இறக்கினான்.
தண்டு காற்றுக்குப் பழகட்டும் என்று
மின்விசிறியைத் திருப்பினான்.
பெயர் எழுதிய குச்சிகளில் மை கரைந்துவிட்டது;
எது நாக்கைச் சுடும், எது சும்மா சிவக்கும்
என்பதை இனி ஆகஸ்ட்தான் சொல்லவேண்டும்.

எதிர்வீட்டு ஐரா
அந்த வெளிச்சத்தைக் கஞ்சாவென்று நினைத்து
போலீஸுக்குச் சொல்லிவிட்டாள்.
வந்த இளைஞன்
குனிந்து முகர்ந்து நிமிர்ந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
"ஒரு நாற்று மிஞ்சுமா?"

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்,
எது எதுவென்று எனக்கே தெரியாது என்றான் தௌனோ.
பிறகு அவசரமாக,
அந்தக் கிழிந்த இலைக்காரியை மட்டும்
தொடாதே.