ஆறு மில்லிமீட்டர்

என் தொழில் கண்ணாடி வெட்டுவது.
அதனால் இதை அளவோடுதான் சொல்ல வரும்.

ஒகோத்தின் சலூன் முகப்பு:
ஆறடி அகலம், நாலரை உயரம்,
ஆறு மில்லிமீட்டர் கனம்.
போன ஈஸ்டருக்கு முன்பு நான்தான் பொருத்தினேன்.
நைரோபியின் இந்தக் கிழக்கு ஓரத்தில்
ஆறு மில்லி போட்ட கடை
எங்கள் தெருவில் அது ஒன்றுதான்.

வியாழன் மாலை, மழை.
கதவைச் சாத்தியிருந்தார்கள்.
நாற்காலியில் கியாலோ.
அவன் மோட்டார் சைக்கிள் வாசலில் நனைந்தது.
பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை
செவ்வாய்க்கிழமைதான் மாற்றிக் கொடுத்திருந்தேன்.
இருநூறு ஷில்லிங் பாக்கி.
இடப்பக்கம் மழித்தாயிற்று.
வலப்பக்கம் தொடங்கவில்லை.

முதல் குண்டு கடைக்குள்ளிருந்து வந்தது
என்றது போலீஸ்.
வானொலியும் அதையே சொன்னது.
பிறகு நாளைய வானிலை சொன்னது.

சனிக்கிழமை விடியும் நேரம்
ஒகோத் கடையைத் திறந்து நாற்காலியைக் கழுவினான்.
முதலில் வந்த பையன் உட்கார்ந்து
"பாதி போதும்" என்றான்.
புரிய நேரம் பிடித்தது.
புரிந்த பிறகு மெஷின் பிடித்த கை
வேலைக்கு வர இன்னும் கொஞ்ச நேரம்.
பத்து மணிக்குள் வரிசை
தண்ணீர்க் குழாய் வரை போய்விட்டது.
தக்காளி விற்கும் சியோம்புவா
பின்னலில் பாதியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

பாதித் தலைகளின் ஊர்வலம்.
போலீஸ் ஸ்டேஷன் திருப்பம் வரை பாட்டு,
அதற்கப்புறம் புகை.
எங்கள் டயர்ப் புகை கறுப்பு,
அவர்கள் எறிந்தது வெள்ளை.
இரண்டும் கலந்ததை
என் மகள் மூன்று நாள் இருமினாள்.

மறைக்க என்ன இருக்கிறது, கல்லும் பறந்தது.
மருந்துக்கடை. அடகுக்கடை.
பாவம், எந்தப் பக்கமும் சேராத பல் டாக்டர்.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன்.
உடையும் சத்தத்திலேயே
கனம் எவ்வளவென்று தெரிந்துவிடும் எனக்கு.
மூன்று. நாலு.
மூன்று. ஐந்து. மறுபடி மூன்று.
ஆறு கேட்கவில்லை.

காலையில் போய்ப் பார்த்தேன்.
ஒகோத் கடை முன்னால் நாலு பாதித் தலைகள்
கைகோத்தபடி தூங்கி விழுந்துகொண்டிருந்தன.
தெருவில் உடையாமல் மிஞ்சிய ஒரே கண்ணாடி
ஏற்கெனவே ஓட்டை விழுந்தது.

அடுத்த வாரம் மாதிரி ஒரு வாரம்
என் தொழிலில் வந்ததே இல்லை.
நாற்பத்தொரு கண்ணாடி விற்றேன்.
இரண்டு பருவத்துக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினேன்.
ரசீதுகளை எப்போதும் பைபிளுக்குள் வைப்பேன்.
இதை மட்டும்
சோளமாவு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வந்தார்.
சீருடை இல்லை, பூட்ஸ் இருந்தது.
"சலூன் கண்ணாடியை மாற்றிவிடு.
அரசாங்கச் செலவு.
பழையதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்."

அளவு மனப்பாடம்.
இருந்தாலும் டேப்போடு போனேன்.
தெருவில் நின்று ஓட்டையில் சுண்டுவிரல் வைத்தேன்,
நகத்தோடு நின்றுவிட்டது.
உள்ளே போய் வைத்தேன்.
சில்லு பெயர்ந்து புனல் போல விரிந்த பள்ளம்,
கட்டைவிரல் தாராளமாகப் படுத்தது.

அடி விழுந்த பக்கம் சிறுசு,
வெளியேறிய பக்கம் பெருசு.
என் பட்டறையில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும்
இது தெரியும்.
இன்னொரு ஓட்டை இருக்குமோ என்று
சுவர், கதவு, கூரைத் தகரம் எல்லாம் தடவினேன்.
ஒகோத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

"ஆறு மில்லி கையிருப்பில் இல்லை ஐயா,
மொம்பாசாவிலிருந்து வரணும்" என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால்
ஆறு மில்லி ஏழு பலகைகள் சாய்ந்து நின்றன.
அவர் அவற்றைத்தான் பார்த்தார்.
விளிம்பைப் பார்த்துக் கனம் சொல்ல
அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

திங்கள்தோறும் வருகிறார்.
கப்பல் தாமதம் சொல்லியாயிற்று.
லாரி கவிழ்ந்தது என்றும் ஒருமுறை.
இன்னும் சில காரணங்கள் கைவசம் இருக்கின்றன,
எத்தனை திங்களுக்கு என்று தெரியாது.

அடக்கத்துக்கு முதல் நாள்
ஒகோத் மெஷினை எடுத்துக்கொண்டு
சவக்கிடங்குக்குப் போனான்.
வலப்பக்கத்தை முடித்தாயா என்று
யாரோ கேட்டார்கள்.
பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள்.

இப்போது மழை பெய்தால்
ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது.
கீழே ஒரு சோப்புக் கிண்ணம் வைத்திருக்கிறான் ஒகோத்.
நிறைந்தால் ஊற்றிவிட்டு
மறுபடி அதே இடத்தில் வைக்கிறான்.