இரண்டரை சதவீதம்

கையுறையில் ஊசித்துளை.
காலையில் பட்ட அமிலம்
ஷிஃப்ட் முடியும் நேரத்தில்தான்
ரடோவானின் சுட்டுவிரலில் வாய் திறந்தது.
தோலில் சிவப்புகூட இல்லை.
"நகத்துக்கு அடியிலே யாரோ திருகாணி முடுக்குறாங்க"
என்றான்,
என்னிடமல்ல, சுவரிடம்.
உடைந்த பன்னிரண்டு கோப்பைகளின் கணக்கில்
என் பெயரை எழுதிக் கொடுத்தவன்.
பேசி இரண்டு வருஷமாகிறது.

பொஹீமியாவின் இந்தப் பட்டறையில்
வெட்டிய கிண்ணங்களுக்குப் பளபளப்பு ஏற்றுவது
ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்.
கண்ணாடியைத் தின்னும்.
உள்ளே போய்விட்டால்
சதையோடு நிற்காது;
கால்சியம் எங்கே என்று
எலும்புவரை விசாரித்துக்கொண்டு போகும்.

குழாயடியில் அவன் கை.
ஃபிரிட்ஜ் கதவில்
ஊறிய வெள்ளரி ஜாடிக்குப் பின்னால்
துழாவி எடுத்தேன் அந்தக் களிம்பை.
கால்சியம் குளுகோனேட், நூற்றுக்கு இரண்டரை.
தூளாக இருக்கும்போது
வெள்ளை, மணமில்லை, ருசியில்லை,
குளிர்ந்த நீரில் கரைய அடம்பிடிக்கும்.
பொட்டாசியம் மிஞ்சித் தடுமாறும் இதயத்துக்குக் காவல் நிற்கும்.
கன்று ஈன்று எழமுடியாமல் கிடக்கும் மாட்டுக்கு
இதன் பங்காளி ஒருவனைத்தான்
நாளத்தில் மெல்ல ஏற்றுவாள்
கால்நடை டாக்டரான என் அண்ணி.
சில நேரம் பாட்டில் காலியாகுமுன்
மாடு எழுந்துவிடும்.

வெளியே பனி. ஆம்புலன்ஸ் தாமதம்.
இரட்டைக் கையுறை போட்டுத் தேய்த்தேன்.
மரத்துப்போக ஏதாவது கொடு என்றான்.
சுவர்த்தாளில் அச்சிட்டிருந்தது: கூடாது.
வலிதான் இங்கே கடிகாரம்.
அது தானாக நின்றால்தான்
உள்ளே பசி அடங்கியது தெரியும்.

"வலிக்குதா?"
"ம்."
"இப்ப?"
"இன்னும்."
இன்னும் கொஞ்சம் களிம்பு.
"இப்ப?"

சுரங்கத்தில் அது கல்லாகத்தான் இருந்தது:
கால்சியமும் ஃபுளோரைடும், கைகோத்து, கரையாமல்.
கந்தக அமிலம் ஊற்றிப் பிரித்துத்தான்
இந்த அமிலத்தை வடித்தார்கள்.
பிரித்த ஜோடியை நான்
மறுபடி சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறேன்,
ஒரு துளி கல்லாக,
எனக்குப் பிடிக்காதவனின் விரலுக்குள்.

"எவ்வளவு நேரம் தேய்ச்சீங்க?"
ஆம்புலன்ஸ் பெண் கேட்டாள்.
நான் பார்க்கவில்லை.
"முப்பத்தேழு நிமிஷம்"
என்றான் ரடோவான்,
அப்போதும் சுவரைப் பார்த்தபடி.
அங்கேதான் கடிகாரம் இருந்தது.

விரல் பிழைத்தது. நகம் போனது.
கோப்பைகளைப் பற்றி
அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை புது ட்யூப் வந்தது.
கதவைத் திறந்ததும் கையில் தட்டுகிற இடத்தில்
யாரோ அதை நிறுத்தியிருந்தார்கள்.
வெள்ளரி ஜாடி
கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தது.

ஜாடி அவனுடையது.